டிக்கெட் எடுக்காத கிழங்குக்காடு

ஒரு குச்சிக்கிழங்குக் காட்டை அப்படியே பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர இருக்கை கொடுத்து, ஒரு டிக்கெட்கூட எடுக்காமல் ஏற்காட்டு மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது செய்திருந்தால் வரச் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். காடு என்றதும் கரடி உலவும் காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர், விதைத்து அறுக்கிற மேட்டு நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். ஆனாலும் காடு காடுதான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் மூன்று லட்சம் இலைகள் பயணம் செய்தன. சரி, மூவாயிரம். சர்வீஸ் முழுக்கக் கண்டக்டராக இருந்து சரியாகவே எண்ணி எண்ணி அலுத்துப்போன மனுஷன், ரிட்டயர் ஆன பிறகாவது இஷ்டத்துக்கு எண்ணிக்கொள்ளக் கூடாதா?

இந்தக் கதையை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நான் சொல்ல ஆரம்பித்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவன் பாதியாவது நம்புவான். அடியோடு நம்பாதவர் ஒரே ஒருவர், டிரைவர் அங்கப்பன். நான் விசில் ஊதி அவர் வண்டி எடுத்த காலம் எத்தனையோ வருஷம். நான் மழை வருகிறது என்றால் அவர் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். கரடியூர் ரோட்டில் யானை பெருசுக்கு ஒரு கரடியைப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னேன். பதிலே பேசவில்லை. மூன்று நாள் கழித்து, வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது, "அது நாய்ங்க" என்றார்.

அந்தக் காடு ஏறிய பஸ்ஸை ஓட்டியவரும் அவர்தான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

காடு கண்ணாயியுடையது. செம்மநத்தத்தில், ரோட்டை விட்டுக் கீழே இறங்கும் சரிவில், படிப்படியாக வெட்டிய நிலம். புருஷன் குடகில் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறான். வெள்ளாமை பூராவும் இவள் கை. குச்சிக்கிழங்குக்கு விதை போடுவது கிடையாது என்பது தெரிந்திருக்கும். கிழங்கைப் பிடுங்கியதும் தண்டை வெட்டி நிழலில் நிறுத்தி வைத்து, அடுத்த நடவுக்குச் சாண் சாணாக நறுக்கி ஊன்றுவார்கள். அதுதான் குச்சி. எங்கள் மலையில் அந்தக் குச்சியை யாரும் விற்பதும் இல்லை, விலைக்கு வாங்குவதும் இல்லை. போய்க் கையை நீட்டினால் ஒரு கட்டு தூக்கிக் கொடுப்பார்கள். கொடுத்த வீட்டுக்குக் 'குச்சி குடுத்த ஊடு' என்று பெயர். பெண் கொடுத்த வீட்டுக்கு அடுத்த மரியாதை அதற்கு. கண்ணாயியின் வீடு செம்மநத்தத்துக்கு மட்டுமல்ல, கரடியூர், கிளியூர் வரைக்கும் குச்சி கொடுத்த வீடு. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பெயர்தான் இருந்தது.

கீழே சமவெளியில் குச்சிக்கிழங்குக்குத் தேமல் நோய் வந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டு கோணிக்கொள்ளும். அடியில் கிழங்கு விரல் பருமனுக்கு நின்றுவிடும். வைரஸ் என்றார்கள். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு எடுத்துப் போகும். அதைவிடப் பெரிய வாகனம் குச்சிதான். நோயுள்ள செடியின் குச்சியை நட்டால் நோயையும் சேர்த்தே நட்ட மாதிரி. எங்கள் மலைக் குளிரில் வெள்ளை ஈ அதிகம் தங்காது. ஆகவே மேலே சுத்தமான விதைக்குச்சி வளர்த்து, சோதித்து, சான்று கொடுத்துக் கீழே அனுப்பலாம் என்று விவசாய ஆபீஸில் யோசித்தார்கள். முதலில் கை தூக்கியவள் கண்ணாயி.

விதைச்சான்று ஆபீஸிலிருந்து காட்டைப் பார்க்க வந்தது சிவரஞ்சனி என்ற பெண். சேலத்துப் பிள்ளை. ஸ்கூட்டரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பூதக்கண்ணாடியை எடுத்தது. சிரிக்காது. ஆனால் குத்தலாகவும் பேசாது.

கண்ணாயி முந்தின நாளே காட்டைத் தயார் செய்திருந்தாள். நம் ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு, விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவித் துடைத்து, வந்தவருக்கு அது வீடா கோயிலா என்று சந்தேகம் வரவைத்துவிடுவோம். அவளும் நாத்தனார் மல்லிகாவும் வரிசை வரிசையாகப் போய், வயசாகி மஞ்சளடித்த இலை, பூச்சி கடித்த இலை, ஒடிந்த இலை எல்லாவற்றையும் கிள்ளி எறிந்து, செடிக்கடியில் பெருக்கி, தண்ணீரும் தெளித்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் காட்டில் கீழே இலை போட்டுச் சாப்பிடலாம் போலிருந்தது.

சிவரஞ்சனி ஒரு செடியைப் பார்த்தது. இன்னொன்றைப் பார்த்தது. தண்டில் இலை கிள்ளிய தழும்பு புதுசாகப் பால் வடிந்து காய்ந்திருந்தது. வேலிக்கு அந்தப்புறம் கிள்ளிய இலைகள் குவியலாகக் கிடந்தன, ஒரு நாள் வெயிலில் சுருண்டு, எது கிழடு எது நோய் என்று பிரம்மாவுக்கும் தெரியாத நிலையில்.

"தேமல் இலையைக் கிள்ளிட்டா செடி பாக்க நல்லாத்தாங்க இருக்கும்" என்றது. "உள்ள இருக்கறது போகாதுங்கம்மா."

கண்ணாயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஸ்கூட்டர் ரோட்டைத் தொட்டிருந்தது. காட்டை நிராகரித்தாகிவிட்டது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, எடுத்தேன் சார் என்று நிற்கிற பயணியை நான் நம்பியிருக்கிறேனா?

ஆனால் நம் மலையில் சேதி பஸ்ஸுக்கு முன்னால் ஓடும். மறுநாள் விடிந்தபோது கண்ணாயியின் வேலியோரம் ஒரு குச்சிக்கட்டு சாய்ந்து நின்றது. மாசியில் மேல் படியில் பிடுங்கியபோது அவள் கொடுத்த கட்டு, கோடை மழைக்கு ஊன்றலாம் என்று வாங்கிப்போனவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலைந்து. அதற்கடுத்த நாள் வேலியே தெரியவில்லை. நம் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள். சொல்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குச் சண்டையே தேவலாம். கிளியூரிலிருந்து வந்த கட்டுகளில் ஒன்றில் பச்சை நைலான் கயிறு. அது அங்கப்பனின் சம்சாரம் குப்பாயி மாடு கட்டும் கயிறு என்று எனக்குத் தெரியும், கண்ணாயிக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. யாரையும் ஏசவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறினாள். வேலை வெட்டி இல்லாத நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். ரிட்டயர் ஆன கண்டக்டர் வேறெங்கே இருப்பான்? துணைக்கு வருகிறேன் என்றேன். வாயைத் திறக்காமல் இருப்பதென்றால் வரலாம் என்றாள்.

ஆபீஸில் சிவரஞ்சனியின் மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், உள்ள இருக்குதுன்னு சொன்னீங்களே, அதை நீங்க பாத்தீங்களா?"

"கண்ணுல பாக்க முடியாதுங்கம்மா. லேப்லதான் தெரியும்."

"அப்ப லேப்புலயே பாருங்க. அஞ்சு செடி, பத்துச் செடி வேண்டாம். ஒண்ணு உடாம அத்தனையும் பாருங்க. ஒரே ஒரு செடியில இருந்தாலும் சொல்லுங்க, காடு மொத்தத்தையும் நானே நெருப்பு வெச்சுப் பொசுக்கிப் போடறேன். வேலியில திரும்பி வந்து நிக்குதே, அதையும் சேத்து. இல்லீன்னா, இல்லைன்னு உங்க கையால எழுதிக் குடுங்க."

நான் வேண்டாம் என்று அவளுக்கு ஜாடை காட்டினேன். ஏனென்றால் இந்த வைரஸ் சில செடிகளில் ஒரு இலையைக்கூடச் சுருட்டாமல் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் என்று அதற்கு முந்தின நிமிஷம்தான் அந்தப் பெண் விளக்கியிருந்தது. கண்ணாயியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் காடு சுத்தமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல்தான் அப்படி நின்றாள்.

 வழக்கத்தில் இத்தனை செடியைச் சோதிப்பதில்லை என்றது சிவரஞ்சனி. நான் வாக்குத் தவறி, மேடம் அந்தக் காட்டில் ஒரு லட்சம் செடிதான் என்றேன். இரண்டு பெண்களும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் சரி என்றது. ஒரு நிபந்தனை, இலையைத் தன் கண் முன்னால்தான் பறிக்க வேண்டும், தான்தான் சீல் வைக்கும்.

குறித்த நாள் கோடை விழா சமயம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

காலையிலிருந்து பறித்தோம். ஒவ்வொரு செடியிலும் நுனியில் விரிந்த இளம் இலை ஒன்று. ஒரு வரிசைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் வரிசை எண் போட்ட சீட்டு, சீட்டில் சிவரஞ்சனியின் கையெழுத்து. ஊரிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாயி, மல்லிகா, நான், அந்தப் பெண், நாலே பேர். அந்தப் பெண்ணும் துப்பட்டாவைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஏறியது. என் முதுகு மூன்றாக மடிந்து, இன்னும் ஒரு மடிப்பு நிமிரவில்லை. வெயில் உச்சிக்கு வரும்போது மொத்தக் காடும் இரண்டு தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸோடு அடங்கிவிட்டது. மேலே டேப் சுற்றி, அரக்கு சீல்.

ஸ்கூட்டரில் அந்தப் பெட்டிகள் ஏறாது. தான் முன்னால் போய் லேப்பைக் காத்திருக்கச் சொல்வதாகவும், நாங்கள் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றும் அந்தப் பெண் சொன்னது. கிளம்பும்போது என்னிடம் தனியாக, சீல் உடைந்தால் எதுவும் செல்லாது என்றது. சேர்வராயன் கோயிலில் ஆரம்பித்து அடிவாரம் வரைக்கும் உள்ள அத்தனை சாமி மேலும் நான் சத்தியம் செய்தேன்.

பஸ் வந்தது. கண்டக்டர் நவீன் புதுப் பையன், விவரமானவன். பெட்டியைப் பார்த்ததும் லக்கேஜ் என்றான். உள்ளே என்ன என்று கேட்டான். எட்டு மாசச் செடிகள் என்றேன். "அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது தம்பி, உங்க சட்டம்தான்." அவன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே அங்கப்பன் பக்கத்திலிருந்த பானெட்டைத் தட்டி, இங்கே வையுங்கள் என்றார்.

மலை பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பானெட்தான் ராஜ மரியாதை. தடுப்பூசி டப்பா, சீர்த்தட்டு, சாமிக்குப் போகும் மாலை எல்லாம் அங்கேதான் வரும். அங்கப்பன் அதில் லேசில் யாரையும் பையைக்கூட வைக்க விடமாட்டார். குச்சிக்கட்டைத் திருப்பி அனுப்பியதற்குத் தன்னால் ஆன ஈடு என்று நினைத்தாரோ என்னவோ, தன் துண்டை விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பஸ்ஸில் வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவனுக்குக்கூட, பானெட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கிறது என்ற ஞாபகம் வரவில்லை.

ஊர் தாண்டி மலை இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. முன்னால் கார். அதற்கு முன்னால் கார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பிய அத்தனை கார்களும் அன்றைக்கு எங்கள் மலையில் ஒரே வரிசையில் நின்றன; கடைசிக் கார் இன்னும் பெங்களூரிலேயே நின்றதாகக் கேள்வி. நகர்ந்தால் ஒரு முழம். நின்றால் ஒரு யுகம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்ணாயிதான் பார்த்தாள். நான் அடியில் கை வைத்தேன். இட்லிப் பானை. ஐஸ் போயே போய்விட்டது. உள்ளே மூவாயிரம் இலை அவிந்துகொண்டிருந்தது. அவிந்த இலையில் வைரஸ் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. லேப்பில் வாங்கவே மாட்டார்கள். சீலை உடைத்தால் செல்லாது. உடைக்காவிட்டால் கூட்டுக்குத்தான் ஆகும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உடைங்க" என்றாள்.

"செல்லாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது."

"வெந்து போனது மட்டும் செல்லுமா? உடைங்க கண்டக்டரே. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

பல்லால் உடைத்தேன். அரக்கு இன்னும் கடைவாயில் கசக்கிறது. கவர்களை வெளியே எடுத்தபோது கை சுட்டது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் பாறையிடுக்கில் ஊற்றுத் தண்ணீர் வரும். வளைவில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது, டிப்போவில் எழுதி வைக்காத குறை. அங்கப்பன் ஒரு வார்த்தை பேசாமல் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். பின்னால் கிளம்பிய ஹாரன் சத்தத்தில் எதிர்மலைப் பலாமரத்தில் பிஞ்செல்லாம் உதிர்ந்தது. நவீன் இறங்கிப் போய்க் கார்க்காரர்களோடு வாதாட ஆரம்பித்தான். நாங்கள் துண்டு, கர்ச்சீப், முந்தானை, ஒரு சமையல்காரரின் தலைப்பாகை எல்லாவற்றையும் ஊற்றில் நனைத்துக்கொண்டு வந்தோம். கவரைச் சுற்றி ஈரத்துணி, அதை நிழலில் காற்றுப்படப் பிடிக்க வேண்டும். இரண்டு கை போதாது. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் நிறையக் கை இருந்தது.

அன்றைக்கு என் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரிட்டயர் ஆன தொண்டை இல்லை அது. ஒன்றாம் வரிசை யாருங்க, இரண்டாம் வரிசை பிடிங்க, உள்ளே நகர்ந்து உட்காருங்க என்று சீட் சீட்டாகக் காட்டைப் பிரித்துக் கொடுத்தேன். கிளியூர் எஸ்டேட் பெண்கள் மூன்று பேர் ஆளுக்கு நாலு வரிசை வாங்கிக்கொண்டார்கள். மடியில் பலாப்பழம் வைத்திருந்தவர் பழத்தைக் காலடியில் தள்ளிவிட்டு இலையை வைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் புதிதாக மலை பார்க்க வந்த ஜோடி ஒன்று, ஏறியதிலிருந்து கோத்த கையைப் பிரிக்காதது, அப்போதுதான் பிரித்தது. வண்டி நகர்ந்தால் ஜன்னல் காற்று. நின்றால் ஆளுக்கொரு செய்தித்தாளோ செருப்போ எடுத்து விசிறல். ஒரு காட்டுக்கு ஒரு பஸ்ஸே விசிறிக்கொண்டு மலை இறங்கியது.

மலையில் பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். டிரைவர் பக்க ஜன்னலோரத்தில் புதுப்பெண் இருபத்திரண்டாம் வரிசையைக் கொஞ்சம் தாராளமாகவே வெளியே நீட்டிப் பிடித்திருந்தது. ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஒரு கிழட்டுக் குரங்கு. எங்கள் மலைக் குரங்குகளுக்குக் கவர் என்றால் சிப்ஸ். தாவி வந்து வாங்கிக்கொண்டு சுவருக்குப் போய்விட்டது.

அங்கப்பன் மறுபடியும் வளைவில் நிறுத்தினார். நான் கல் தேடினேன். கண்ணாயி என் கையைத் தட்டிவிட்டுத் தனியாக இறங்கினாள். குரங்கு கவரைக் கடித்துக் கிழித்து, ஓர் இலையை மென்று பார்த்து, அந்தக் கசப்பில் முகத்தைக் கோணியது. அவள் அதட்டவில்லை. கிட்டப் போனாள். உள்ளங்கையை நீட்டினாள், ஒரு வீட்டுக்குக் குச்சி கேட்டுப் போனால் நீட்டுவார்களே, அதே மாதிரி. நீட்டியபடியே நின்றாள். குரங்கு அவளைப் பார்த்தது. கவரைப் பார்த்தது. பிறகு அந்தக் கவரை அவள் கையில் வைத்தது.

வைத்தது. கவனியுங்கள். எறியவில்லை.

லேப் வாசலில் சிவரஞ்சனி நின்றிருந்தது. உடைந்த சீலைப் பார்த்ததும் அதன் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. கண்ணாயி, உடைக்கச் சொன்னது நான் என்றாள். நான் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு சைபர்கூடச் சேர்க்காமல், குரங்குக்கு ஒரு பல்லைக்கூடக் கூட்டாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் இதுவரை சொன்னதிலேயே பெரிய புளுகு மாதிரி அது கேட்கிறது என்று.

அந்தப் பெண் கவர்களை ஒவ்வொன்றாக எண்ணியது. வரிசை குறையவில்லை. சீட்டுகளில் அதன் கையெழுத்து அப்படியே இருந்தது, ஒன்றைத் தவிர. இருபத்திரண்டு. கவர் கிழிசல், சீட்டில் பாதி இல்லை, கையெழுத்து இருந்த பாதி குரங்கின் வயிற்றில். இலை காத்திருக்காது, சோதனையை ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றது. ஆனால் சோதனை சுத்தமாக வந்தாலும் இது செம்மநத்தத்துக் காட்டு இலைதான் என்று தான் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் யாரும் இலையை மாற்றவில்லை என்பதற்கு எதை நம்புவது? உங்களைப் பற்றி பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன் என்றது. அதற்கு மேல் சொல்லவில்லை, நாகரிகமான பெண்.

சாட்சிக்கு ஆளா இல்லை என்று கிளியூர்ப் பெண்களைத் தேடி அன்று சாயங்காலமே போனேன். அங்கேதான் ஒரு தப்புப் பண்ணினேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆர்வத்தில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் சிவரஞ்சனி போனில் கேட்டபோது ஒருத்தி ஒரு குரங்கு என்றாள், இன்னொருத்தி குட்டியோடு வந்தது என்றாள், மூன்றாமவள் அது கும்பிட்டதாகவும் சொல்லிவிட்டாள். புதுமணத் தம்பதி எந்த ஊரோ. நவீன் அந்நேரம் பஸ்ஸுக்குப் பின்னால் கார்க்காரர்களின் பிடியில் இருந்தான்.

மிச்சம் அங்கப்பன். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"நான் ரோட்டைப் பாத்து ஓட்டற ஆளுங்க" என்றார். "ஜன்னல்ல நடக்கறது எனக்கென்ன தெரியும்?"

பஸ் நின்றதா இல்லையா என்றேன். நினைவில்லை என்றார். எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. விழாக் கூட்டத்தில் இரண்டு வளைவில் வண்டியை நிறுத்தினேன் என்று ஒரு ஆபீஸில் சொன்னால் அது இன்னொரு ஆபீஸுக்குப் போகும். சர்வீஸ் முழுக்க ஒரு கீறல் இல்லாத மனுஷர். உள்ளே குப்பாயி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள். நான் கண்டபடி பேசிவிட்டு வந்தேன். கண்ணாயியிடம் சொன்னபோது, அவரை வற்புறுத்த வேண்டாம் என்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு லேப்பில் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

லேப்பில் இலையை அரைத்துச் சாறெடுத்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, மருந்து மேல் மருந்தாகச் சேர்ப்பார்கள். வைரஸ் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும். தட்டுகளை வெளிச்சத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் குழியே பளிச்சென்று மஞ்சள்.  கண்ணாயி அசையாமல் நின்றாள். அது வேண்டுமென்றே ஒப்பிடுவதற்கு ஊற்றிய நோய்ச் சாறு என்று சிவரஞ்சனி சொன்னது. அப்படியானால் என்னுடையது எது என்று கண்ணாயி கேட்டாள். மீதி எல்லாம் என்றது.

மீதி எல்லாம் தண்ணீர். இருபத்திரண்டும் தண்ணீர்.

கண்ணாயி அப்போதுதான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆனால் சிவரஞ்சனி எழுதவில்லை. சான்றுத் தாள் எதிரே இருந்தது. இந்தத் தட்டு சுத்தம் என்று எனக்குத் தெரியும், இது உங்கள் காடு என்று எனக்குத் தெரியாது என்றது. அதன் குரலில் வருத்தம் இருந்தது. கண்ணாயி எழுந்து, அப்படியென்றால் இன்னொரு தடவை பறிக்கலாம், இந்த முறை உங்கள் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள் என்று ஆரம்பித்தாள். விட்டுக்கொடுக்கிற எண்ணமே அவளிடம் இல்லை. காடே மொட்டையானாலும் அவள் பறித்துக்கொண்டே இருந்திருப்பாள்.

அப்போது வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. அங்கப்பன். சேலத்தில் வண்டியைப் போட்டுவிட்டு அடுத்த டிரிப்புக்கு நடுவில் வந்திருந்தார். உள்ளே வரலாமா என்று செருப்பைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த பஸ் டிரைவருங்களா?" என்றது சிவரஞ்சனி. "வழியில நடந்ததை நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, நானும் இதுல போடுவேன். பஸ்ஸு எங்காச்சும் நின்னுதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை; அதற்கே எனக்கு ஒரு சான்று கொடுக்கலாம்.

"எனக்காவச் சொல்ல வேண்டாங்ணா" என்றாள் கண்ணாயி. "எங்கிட்ட வாங்குன குச்சிக்காவவும் வேண்டாம். பாத்தீங்கன்னா பாத்தேன்னு சொல்லுங்க. பாக்கலீன்னா போயி வண்டிய எடுங்க, நான் திரும்பப் பறிச்சுக்கறேன்."

அங்கப்பன் சட்டைப் பையைத் தடவினார். 

"நிறுத்துனேனுங்க. வளைவுல நிறுத்தக் கூடாது. ரெண்டு பக்கம் நிறுத்துனேன். டிப்போவுல கேட்டாலும் இதையேதான் சொல்லப்போறேன். பொட்டிய பானெட்டு மேல வெக்கச் சொன்னதும் நாந்தானுங்க, அதுலதான் ஐஸு போச்சு. எலைய யாரும் மாத்தல. கண்ணாடியில பூராவும் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

"அந்த இருபத்திரெண்டாம் கவரு?"

இதற்குத்தான் அவருக்கு நொம்பச் சிரமமாக இருந்தது. பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டார்.

"மேடம், இந்த ஆளு பேசறதுல பத்துக்கு ஒண்ணுகூட நான் நம்பறதில்லீங்க. ஆனா இது நடந்துச்சு. இந்தக் கண்ணாயிப் புள்ள கைய நீட்டுச்சு, குரங்கு குடுத்துச்சுங்க. எறியல. கையிலதான் வெச்சுது."